வேலாயி அம்மாவின் வலது தோள்

வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, தொழிற்சாலைப் பேருந்தில் இருந்தபடியே புனிதா அக்கா செய்தி அனுப்பியிருந்தார்.

"அணில் அண்ணே, படத்த கடைக்கு அனுப்பிட்டேன். சிம்பாங் அம்பாட்ல ரிதுவான் கடை. ஜும்ஆவுக்கு முன்னுக்கே பன்ட்டிங் அடிச்சி வச்சிடுறேன்னு சொன்னாரு. வேலை முடிஞ்சி வந்து எடுத்துக்குவேன். நாளைக்குக் காலைல கோயில் வாசல்ல நிக்கும். எல்லாம் உங்களாலதான் அண்ணே."

கீழே படம் இருந்தது. அவருடைய அப்பா வீரப்பனும் அம்மா வேலாயியும். பன்ட்டிங் என்ற ஆள் உயரப் பதாகையில் இடுப்புக்கு மேல் இரண்டு உருவங்கள். மேலே மஞ்சள் எழுத்தில் 'மணிவிழா காணும் எங்கள் அப்பா அம்மா' என்று இருந்தது.

நான் படத்தைப் பார்க்கவில்லை. அதிலிருந்த தவறை மட்டும் பார்த்தேன். மூன்று நாளாக அது எனக்குத் தெரியும்.

வேலாயி அம்மாவின் முந்தானை வலது தோளில் கிடந்தது. வீரப்பன் ஐயாவின் சட்டைப் பை வலது மார்பில் இருந்தது. அம்மா ஐயாவுக்கு வலப்பக்கம் நின்றார். தாலி கட்டி முடிந்ததும் பெண்ணை இடப்பக்கம் மாற்றி உட்கார வைப்பார்கள். அதற்குப் பிறகு மனைவியின் இடம் அதுதான். அறுபதாம் கல்யாணத்தன்று, ஊரெல்லாம் வந்து நுழையும் வாசலில், அந்த அம்மா மறுபடியும் வலப்பக்கம் நிற்கப் போகிறார். கண்ணாடியில் தெரிவதைப் போல முழுப் படமும் இடவலமாக மாறியிருந்தது.

அப்படித் திருப்பச் சொன்னவள் நான்.

'முதல் கோடு' என்று டெலிகிராமில் ஒரு குழு. கைப்பேசியிலும் டேப்லெட்டிலும் படம் வரையப் பழகுகிற ஐம்பது பேர் இருக்கிறார்கள், பெரும்பாலும் மலாக்காக்காரர்கள். அதை நடத்துபவர் யுவனேஸ்வரன் என்ற ஓவியக் கல்லூரி மாணவர். புதிதாக வருகிறவர்களை அவர் முதலில் உருண்டை வரையச் சொல்வார். பிறகு பெட்டி. பிறகு ஒரு கண். முகத்துக்கு வர ஆறு மாதம் ஆகும் என்பார். புனிதா அக்கா சேர்ந்த அன்றே, "அப்பா அம்மாவ வரையணும். ரெண்டு மாசம்தான் இருக்கு. இதுவரைக்கும் தாமரைப்பூ கோலம்தான் போட்டிருக்கேன்" என்று எழுதினார்.

"அக்கா, நடக்கிற காரியமா பேசுங்க" என்றார் யுவனேஸ்வரன். இரண்டு பேர் சிரிக்கிற முகம் போட்டார்கள்.

நான் எழுதினேன்: "வரையுங்கள். உருண்டையை நூறு தடவை அழித்து வரைய யாருக்கும் பொறுமை இருக்காது. ஆசைப்பட்ட முகத்துக்கு இருக்கும்."

அது என் நோட்டில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த வாக்கியம். பதினான்கு வயதில், படிவம் இரண்டு வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னபோது முதல் சொல்லே தொண்டையில் நின்றுவிட்டது, பின்வரிசை சிரித்தது. அதற்கடுத்த திங்கட்கிழமை பள்ளிப் பேருந்தில் நான் ஏறவில்லை. பிறகு ஏறவே இல்லை. அதிலிருந்து பேச வேண்டியதையெல்லாம் நோட்டில் எழுதித் துணிகளுக்கு அடியில் வைக்கிறேன். குழுவில் என் பெயர் அணில். எல்லாரும் என்னை ஓர் அண்ணன் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. எனக்குப் பதினேழு வயது, என் பெயர் பவானேஸ்வரி, அந்த ரிதுவான் கடையிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடத் தூரத்தில் இருக்கிறேன் என்று யாருக்கும் தெரியாது.

புனிதா அக்கா வரைந்தார். அவர் பத்து பெரண்டாம் என்ற ஊரில் மின்னணுத் தொழிற்சாலையில் ஆபரேட்டர். போகும்போது ஒரு மணி நேரம், வரும்போது ஒரு மணி நேரம், ஆடுகிற பேருந்தில் கைப்பேசியில் விரலால் வரைவார். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து நிற்கிற புகைப்படம் ஒன்றே ஒன்றுதான் அந்த வீட்டில் உண்டு. யாரோ ஒருவருடைய கல்யாணத்தில், பந்திக்குப் பின்னால், மங்கலாக எடுத்தது. அதைக் குழுவில் போட்டுவிட்டு, அதைப் பார்த்துதான் வரைந்தார். அவருடைய அண்ணி, "போன தேய் தேய்னு தேச்சா பூதம்தான் வரும், அப்பா அம்மா வரமாட்டாங்க" என்றாராம். ஸ்டூடியோவில் படம் எடுத்துவிடலாம் என்று குடும்பமே சொன்னபோதும், தான் பிடிவாதமாக மறுத்ததாக எழுதியிருந்தார்.

மூன்றாவது வாரம் அவர் சோர்ந்துபோனார். "ஏதோ தப்பா இருக்கு, என்னன்னு தெரியல" என்றார். நான் நோட்டைப் புரட்டி எழுதினேன்: "படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். கண் பழகிப்போய் மறைத்து வைத்திருக்கிற கோணல் எல்லாம் வெளியே வந்துவிடும்."

அவர் திருப்பினார். கோணல்கள் தெரிந்தன. திருப்பிய நிலையிலேயே எல்லாவற்றையும் சரிசெய்தார், திருப்பிய நிலையிலேயே வண்ணம் கொடுத்தார், சேலைக் கரை போட்டார். பழையபடி திருப்பி வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது யாருக்கும் தெரியும் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை முடிந்த படத்தை அனுப்பினார். பார்த்த உடனே தெரிந்தது. தட்டச்சு செய்யப் போனேன். அப்போது ஹரிதாஸ் நினைவுக்கு வந்தார்.

ஹரிதாஸ் செலண்டார் ஊர்க்காரர், முதல் குழந்தை பிறந்திருந்தது. குழந்தை முகத்தை வரைந்து போட்டார். நான், "கண் கொஞ்சம் மேலே இருக்கிறது, இறக்கினால் குழந்தை முகம் வரும்" என்று எழுதினேன். ஐந்து நிமிடத்தில், 'ஹரிதாஸ் குழுவிலிருந்து வெளியேறினார்' என்று வந்தது. அந்த வரியை என்னால் மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு நான் யாருடைய தவறையும் சொன்னதில்லை.

புனிதா அக்காவுக்கு "அருமை" என்று எழுதினேன். பக்கத்தில் ஒரு பூவும் போட்டேன். எழுத்தைச் சேர்க்கும்போது தாமாகவே கவனிப்பார், அவர் அம்மா பார்ப்பார், யாராவது சொல்வார்கள் என்று மூன்று நாள் காத்திருந்தேன். அப்பா அம்மாவுக்கு நாளை வாசலில் வைத்துத்தான் காட்டப் போகிறாராம். யாரும் சொல்லவில்லை.

ஏழு மணிக்கு எழுதினேன்: "அக்கா, அச்சடிக்க வேண்டாம். ஒரு தவறு இருக்கிறது." அவர் பார்க்கவில்லை. ஒரே ஒரு குறிதான் விழுந்தது. தொழிற்சாலைக்குள் கைப்பேசி கொண்டுபோக முடியாது. லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். வேலை மூன்று மணிக்குத்தான் முடியும்.

எட்டு மணிக்கு என் அம்மா கோழிப்பண்ணைக்கு வேலைக்குப் போனார். ஒன்பது மணி வரை வீட்டுக்குள் நடந்தேன். கடையின் முகநூல் பக்கத்தில் தொலைபேசி எண் இருந்தது. மூன்று தடவை அழுத்தி, மணி அடிக்கும் முன்பே துண்டித்தேன். தொலைபேசியில் என் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது.

கடைசியில் ஒரு முழுத் தாளில் எல்லாவற்றையும் எழுதினேன். படம் ஏன் தவறு, எதை மாற்ற வேண்டும், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று. அதைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். வாயைத் திறக்கவே வேண்டாம். மனம் மாறுவதற்குள் அம்மாவின் சைக்கிளை எடுத்தேன்.

கடையில் பெரிய அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ காற்பந்துக் குழுவின் பெயர் அங்குலம் அங்குலமாக வெளியே வந்துகொண்டிருந்தது. முகப்பு மேசையில் ஒரு சொங்கோக் தொப்பி தயாராக இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபது.

"என்னமா, போட்டோஸ்டாட்டா?" என்றார் ரிதுவான்.

தாளை நீட்டினேன். அவர் மேலும் கீழும் பார்த்தார். பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"தமிழா? எனக்குப் பேச மட்டும்தான்மா வரும். படிச்சதெல்லாம் மலாய் ஸ்கூல். வாயால சொல்லு."

ஒரு பக்கம் முழுக்க எழுதிய தாள் என் வியர்வையில் நனைந்தது.

"பன்ட்டிங்" என்றேன்.

"எந்த பன்ட்டிங்? இன்னிக்கு அஞ்சு பன்ட்டிங் இருக்கு. பந்து வெளையாடுறவன் இருக்கான், டுரியான் விக்கிறவன் இருக்கான்."

"புனிதா அக்காவோடது. அதுல... அது தப்பா இருக்கு."

"நீ அவங்களுக்கு என்ன வேணும்?"

"தெரிஞ்சவங்க."

"தெரிஞ்சவங்கன்னு சொல்லிகிட்டு ஆளுக்கொருத்தரா வந்து மாத்தச் சொல்வாங்க. கடைசில கஸ்டமர்கிட்ட நான்தான் வாங்கிக் கட்டிக்கணும். அவங்கள போன் பண்ணச் சொல்லு."

"போன் லாக்கர்ல இருக்குண்ணே."

"அப்ப எனக்கு சுசாலா, கஷ்டம்மா. பன்னெண்டரைக்குக் கடைய அடைக்கணும். இது முடிஞ்சதும் அடுத்தது அவங்களோடதுதான்." அவர் கணினித் திரையில் புனிதா அக்காவின் படத்தைத் திறந்தார்.

பின்வரிசைச் சிரிப்பு மறுபடியும் கேட்டது. நான் திரையில் வேலாயி அம்மாவின் தோளில் விரலை வைத்தேன்.

"முந்தானை" என்றேன். "இந்தப் பக்கம் வராதுண்ணே. அம்மா நிக்கிற பக்கமும் தப்பு. பொண்டாட்டி இந்தப் பக்கம் நிக்க மாட்டாங்க. எல்லாமே திரும்பிப்போய் இருக்கு."

அவர் குனிந்து பார்த்தார். "அட, சட்டை பாக்கெட்டும் மாறிக் கெடக்கு. ஷகீலா, இங்க கொஞ்சம் வா."

உள்ளே லாமினேட் செய்துகொண்டிருந்த அவர் மனைவி வந்தார். ஒரு பார்வைதான். "முந்தானைய எங்க போட்டிருக்காங்க பாரு. காலைலேந்து இதையா பாத்துகிட்டு உக்காந்திருக்கீங்க? பெருநாளைக்கு நான் ஒரு நாளாச்சும் இப்படிக் கட்டியிருக்கேனா?"

"நீ எந்தப் பக்கம் கட்டுறேன்னு நான் என்னிக்குப் பாத்தேன்?"

"அதான் தெரியுதே."

ரிதுவான் சிரித்துக்கொண்டே ஒரு பொத்தானை அழுத்தினார். படம் சட்டென்று திரும்பியது. "சியாப். முடிஞ்சது. இதுக்குத்தானா இவ்ளோ வேர்த்திச்சு?"

"எழுத்து" என்றேன்.

"எழுத்துக்கு என்ன?"

"அதுவும் திரும்பிடுச்சு."

அவர் மஞ்சள் எழுத்துகளை உற்றுப் பார்த்தார். "எனக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான்மா இருக்கு. சரி, அத அழிச்சிட்டுப் புதுசா போட்டுடலாம். நீயே அடி."

ஆனால் ஷகீலா அக்கா எழுத்தைப் பார்க்கவில்லை. "இவரு மூஞ்சி ஏன் இப்படிக் கோணிக்கிச்சு?" என்றார்.

நானும் அப்போதுதான் பார்த்தேன். திருப்பிய நிலையில் வாரக்கணக்காகச் சரிசெய்த படம். நேராக்கியதும் அதன் கோணல்கள் வேறு பக்கத்தில் வெளியே வந்திருந்தன. வீரப்பன் ஐயாவின் ஒரு கண் கன்னத்தை நோக்கிச் சரிந்திருந்தது. வேலாயி அம்மாவின் தாடை ஒருபக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

"முன்ன இருந்ததே நல்லா இருந்துச்சு" என்றார் ரிதுவான். "முந்தானைய யாருமா பாக்கப் போறா? மூஞ்சியத்தான் பாப்பாங்க."

"முந்தானையத்தான் முதல்ல பாப்பாங்க" என்றார் ஷகீலா அக்கா.

"எத அடிக்கணும், சொல்லு."

மணி பதினொன்று ஐம்பது. அந்தக் கண்ணை எனக்குச் சரிசெய்யத் தெரியும். பத்து நிமிட வேலை. "கொஞ்சம் தள்ளுங்கண்ணே" என்று நான் சொன்னது எனக்கே கேட்டது. அவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

கண்ணை மட்டும் சுற்றிவளைத்துத் தூக்கி நேராக வைத்தேன். இமையின் நிழலை மென்மையாக்கினேன். உதட்டோரத்தையும் தொட்டேன். முகம் அழகாகிக்கொண்டே வந்தது. "யம்மா, கை இருக்கே" என்றார் ஷகீலா அக்கா. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம்தான் என்னைப் பயமுறுத்தியது. புனிதா அக்கா விரலால் போட்ட தடித்த புருவம் எங்கே என்று தேடினேன். நான் அதை மெல்லியதாக்கிவிட்டிருந்தேன். திரையில் இருந்தவர் யாரோ ஒரு வயதான நல்ல மனிதர். அந்தக் கல்யாணப் புகைப்படத்தில் பந்திக்குப் பின்னால் நின்றவர் இல்லை. நாளை வாசலில் எல்லாரும் பாராட்டும்போது, புனிதா அக்கா ஒருவருக்கு மட்டும் அது தன் கை இல்லை என்று தெரியும்.

செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக நீக்கினேன். கண் மறுபடியும் சரிந்தது.

"ஏன்மா?" என்றார் ரிதுவான்.

"அவங்க வரட்டும்ணே. நாலு மணிக்கு பஸ் வந்துடும். அவங்களே செய்யணும்."

"தொழுதுட்டு வந்து டுரியான்காரனோடத அடிக்கிறேன். நாலரை வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல எது திரையில இருக்கோ அதத்தான் அடிப்பேன், சொல்லிட்டேன்."

வீட்டுக்குப் போனால் திரும்பி வரமாட்டேன் என்று எனக்குத் தெரியும். அதனால் போகவில்லை. பூட்டிய கடையின் முன்னால் உட்கார்ந்து, உண்மையை ஒரே செய்தியாக எழுதி அனுப்பினேன். படம் இடவலமாக மாறியிருக்கிறது, நான் ரிதுவான் கடை வாசலில் காத்திருக்கிறேன், தவறு செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரியும். மூன்று மணி ஏழு நிமிடத்துக்கு இரண்டாவது குறி விழுந்தது. பதில் வரவில்லை. 'புனிதா குழுவிலிருந்து வெளியேறினார்' என்று வருகிறதா என்று நிமிடத்துக்கொரு தடவை பார்த்தேன்.

நாலு பத்துக்குத் தொழிற்சாலைப் பேருந்து முச்சந்தியில் நின்றது. நீலச் சட்டை போட்ட ஓர் அக்கா வேகமாக வந்தார். கடைக்குள் நுழைந்ததும் என்னைத் தாண்டி உள்ளே பார்த்தார்.

"ரிதுவானண்ணே, இங்க அணில்னு ஒரு அண்ணன் இருக்காராமே, எங்க?"

ரிதுவான் என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். "நான்தாங்க்கா."

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "நீயா? ரெண்டு மாசமா உன்னையா அண்ணே அண்ணேன்னு கூப்பிட்டுகிட்டு இருந்தேன்? என் தங்கச்சிய விட சின்னப் பிள்ளையா இருக்க." பிறகு சிரிப்பு நின்றது. "செவ்வாக்கெழமையே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சிகிட்டு பூ போட்ட."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "பயமா இருந்துச்சுக்கா. சொன்னா விட்டுட்டுப் போயிடுவீங்கன்னு."

"யாருக்குப் பயம்? எனக்கா?"

"எனக்கு."

அவர் பெருமூச்சு விட்டார். "எங்க அண்ணி மூஞ்சிக்கு நேரா சொல்றா, அவளாச்சும் பரவால்ல. நீ நல்லா இருக்குன்னு சொல்லிச் சொல்லியே என்ன வாசல்ல தலகுனிஞ்சு நிக்க வைக்கப் பாத்த." கைப்பேசியை எடுத்துப் படத்தைத் திறந்தார். இடவலமாகத் திருப்பினார். சரிந்த கண்ணைப் பார்த்து அவர் முகம் வெளுத்தது.

"இருபது நிமிஷம்" என்றார் ரிதுவான்.

புனிதா அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியைக் காட்டினார். "உக்காரு. என்னென்ன தப்புன்னு சொல்லு. பூவெல்லாம் வேணாம்."

சொன்னேன். முதலில் கண். எவ்வளவு தூக்க வேண்டும் என்று மூக்கின் மேல்நுனியிலிருந்து அளந்து காட்டினேன். அதிகம் தூக்கினார், இறக்கினார், மறுபடியும் தூக்கினார். பிறகு தாடை. பிறகு அம்மாவின் கீழுதடு. ஒவ்வொன்றையும் சொல்வதற்கு முன்னால் எனக்கு மூச்சு நின்றது. சொன்ன பிறகு அவர், "ம், அடுத்தது" என்பார். அவ்வளவுதான். புருவத்தை அவர் தொடவில்லை. நானும் சொல்லவில்லை, அது தவறு இல்லை.

முகங்கள் முழுவதும் நேராகவில்லை. ஆனால் மங்கலான அந்தப் புகைப்படத்திலிருந்தவர்கள் நேர்ப்பக்கத்தில் வந்து நின்றார்கள். முந்தானை இடது தோளில் இருந்தது. எழுத்தை அழித்துவிட்டு மறுபடியும் அடித்தார்.

நாலு முப்பத்தைந்துக்கு ரிதுவான் படத்தை வாங்கித் திரையில் ஏற்றினார். "எழுத்து சரியா இருக்கா? எனக்குத் தெரியாது, யாராச்சும் படிச்சிச் சொல்லுங்க. மெஷின் சத்தத்துல கேக்காது, சத்தமா."

புனிதா அக்கா கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். டுரியான் கடைக்காரர் தன் பதாகையை வாங்க வந்து நின்றார். நான் எழுந்தேன். முதல் சொல் வழக்கம்போல் நின்றது. பிறகு வந்தது.

"மணிவிழா காணும் எங்கள் அப்பா அம்மா" என்று வாசித்தேன். "சரியா இருக்குண்ணே."

இயந்திரம் ஓடத் தொடங்கியது. மஞ்சள் எழுத்து இறங்கியது, பிறகு நெற்றிகள், பிறகு கண்கள். இனி எதையும் மாற்ற முடியாது. புனிதா அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு? நெசமா சொல்லு."

"கண்ணு நல்லா வந்திருக்குக்கா." குனிந்து பார்த்தேன். "ஐயாவோட காது ரொம்பப் பெருசா இருக்கு."

அவர் என் பக்கம் திரும்பினார். "எங்கப்பா காது அவ்ளோதான்லா. நாளைக்குக் கோயிலுக்கு வந்து பாரு."

டுரியான் கடைக்காரர் சிரித்தார். வேலாயி அம்மாவின் கழுத்து இறங்கிக்கொண்டிருந்தது. அது கொஞ்சம் நீளம். அதையும் சொன்னேன்.